டொட் ஆச்சிக்கு, ஈஸ்ட்ஹாமிலிருந்து

அன்புள்ள டொட் ஆச்சி,

உங்களைத் திருமதி கொட்டன் என்று அழைப்பதுதான் முறை. இரண்டாவது கணவர் ஜிம்மைக் கட்டியபின் திருமதி பிரானிங் என்று அழைத்திருக்க வேண்டும். இரண்டுமே என் வாயில் வரவில்லை. உங்கள் வயதும் உங்கள் வாயும் உங்கள் பக்தியும் உள்ள ஒருவர் எங்கள் ஊரில் இருந்திருந்தால் ஒழுங்கை முழுவதும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கும். பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ நாடகத்துக்குள் 1985 ஜூலையில் வந்தீர்கள். 1993 முதல் 1997 வரை காணாமற்போனீர்கள். பிறகு திரும்பி வந்து 2020 ஜனவரி வரை இருந்தீர்கள். அவ்வளவு காலமும் உங்களிடம் வாங்கியவற்றை ஒருநாள் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

டொட் ஆச்சி, முதலில் வாங்கியது அயல். நீங்கள் குடியிருந்த வால்ஃபோர்டை எந்த வரைபடத்திலும் காண முடியாது. ஆனால் உங்கள் நாடகத்தில் வரும் ரயில் வரைபடத்தில், புரொம்லி பை போ நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் வால்ஃபோர்ட் ஈஸ்ட் என்று போட்டிருப்பார்கள். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் வெஸ்ட்ஹாம், பிளாஸ்டோ, அப்டன் பார்க், அடுத்தது நான் இறங்கும் ஈஸ்ட்ஹாம். வால்ஃபோர்டில் நீங்கள் வாழ்ந்த ஆல்பர்ட் சதுக்கம் முழுவதையும் லண்டனுக்கு வெளியே எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அறிந்தபிறகும் ஒன்றும் குறையவில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை, அடுத்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். வாரநாட்களில் தவறவிட்ட பகுதிகளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றாகச் சேர்த்துப் போடுவார்கள். என் தெருவில் ஒருவரின் பெயரும் தெரியாத காலத்தில், உங்கள் சதுக்கத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாருக்குக் காசு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஆச்சி, உங்கள் வேலைக்காகவும் நன்றி. காசு போட்டால் சுற்றும் யந்திரங்கள் வரிசையாக நிற்கும் அந்த உடுப்புத் தோய்க்கும் கடையில், போலின் ஃபௌலரோடு சேர்ந்து ஊராரின் துணியை மடித்தீர்கள். ஒரு கையில் சிகரெட், மற்றக் கையில் யாரோ ஒருவரின் படுக்கை விரிப்பு, வாயில் வேதாகம வசனம் அல்லது அடுத்த வீட்டு வம்பு. பல நாட்களில் வசனத்திலிருந்து வம்புக்கு மூச்சுவிடாமலே போய்விடுவீர்கள். சாம்பல் எங்கே விழப்போகிறதோ என்று நான் துணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். வயதுபோன பெண்ணைத் தொலைக்காட்சி பொதுவாக மூலையில் ஒரு கதிரை போட்டு இருத்தி, தேநீர் கொண்டுவர மட்டும் எழுப்பும். நீங்கள் வேலைக்குப் போனீர்கள், வாடகையை எண்ணினீர்கள், வருத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருத்தம் சொன்னீர்கள், கோபப்பட்டீர்கள், தவறான ஆட்களை நம்பினீர்கள். ஒரு கிழவியின் ஒரு நாளுக்குள் இவ்வளவு நடக்கிறது என்று நீங்கள்தான் காட்டினீர்கள்.

டொட் ஆச்சி, நிக்கைப் பற்றிப் பேசாமல் உங்களுக்குக் கடிதம் எழுத முடியாது. உங்களுக்கு முன்பே உங்கள் மகன் எங்களுக்கு அறிமுகமாகிவிட்டான். 1985 பெப்ரவரி 19ஆம் தேதி, முதல் பகுதியிலேயே வந்தவன், ரெஜ் கொக்ஸ் என்ற முதியவரைக் கொன்ற கொலைகாரன் அவன். ஐந்து மாதம் கழித்து நீங்கள் வந்து, உலகத்திலேயே தங்கமான பிள்ளை என்று அவனைப் பற்றிச் சொன்னீர்கள். 1990இல் நீங்கள் பிங்கோவில் வென்ற காசுக்காக, மனந்திரும்பிய கிறிஸ்தவனாக வேடம் போட்டுக்கொண்டு வந்து உங்கள் சாப்பாட்டில் நஞ்சு கலக்கப் பார்த்தான். அந்தத் தட்டின் முன்னால் தெரிந்தே உட்கார்ந்தீர்கள். மகன் தடுப்பானா மாட்டானா என்பதை உங்கள் உயிரை வைத்துச் சோதித்தீர்கள். கடைசி நொடியில் அவன் தடுத்தான். அந்த ஒரு நொடியை மூலதனமாக வைத்து இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் அவனை நம்பினீர்கள்.

ஆச்சி, என் அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தபோது அவருக்கு ஆங்கிலம் விளங்காது. முதல் நாள் உங்களைப் பார்த்துவிட்டு, “வேதமும் படிக்கிறா, சிகரெட்டும் குடிக்கிறா, இதென்ன மனுசி?” என்று முகத்தைச் சுழித்தார். பிறகு ஒருநாள் நிக் வாசலில் வந்து நின்றான். கதவைத் திறந்த உங்கள் முகத்தில் முதலில் பயமும் அதற்குப் பின்னால் சந்தோஷமும் வந்தன. அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். “அவன்ரை கதையை நம்பாதையுங்கோ எண்டு ஆராவது அந்த மனுசிக்குச் சொல்லுங்கோவன்!” அன்று நான் ஒரு வரியும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதன்பிறகு உங்கள் நேரத்துக்கு அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அம்மாவும் நானும் சண்டை பிடிக்காமல் சேர்ந்திருந்த அரைமணிநேரங்கள் பல உங்கள் தயவில் கிடைத்தவை.

டொட் ஆச்சி, நீங்கள் எல்லா நாளும் நல்லவராக இருந்ததில்லை. அதற்கும் சேர்த்தே இந்த நன்றி. எண்பதுகளில் கொலின் என்ற இளைஞர் சதுக்கத்துக்குக் குடிவந்தார். அவரும் பரி என்ற இன்னோர் இளைஞரும் ஒன்றாக வாழ்கிறார்கள் என்று தெரிந்ததும், எயிட்ஸ் பயத்தில் நாடே பதறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நீங்கள் கடை கடையாகக் கதை பரப்பினீர்கள். அன்றைய பத்திரிகைகள் எழுதியதையும் தேவாலய வாசலில் பேசப்பட்டதையும் உங்கள் வாயும் பேசியது. நாடகக்காரர்கள் நினைத்திருந்தால் அடுத்த வாரமே உங்களைத் திருத்தி, கண்ணீர் விடவைத்து, கைகுலுக்க வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கொலினோடு பேசிப் பழகப் பழக, அவரது சுகவீனத்தைப் பார்க்கப் பார்க்க, உங்கள் பிடிவாதம் ஒவ்வொரு இழையாக அவிழ்ந்தது. 2016இல் அதே கொலின், தனக்குக் கல்யாணம் என்று சொல்ல உங்களைத் தேடி வந்தார். கொலினாக நடித்த மைக்கேல் காஷ்மன் அதற்குள் பிரபுக்கள் சபை உறுப்பினராகியிருந்தார். நாடும் நீங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் மாறியிருக்கிறீர்கள்.

ஆச்சி, எதெலுக்காக நீங்கள் செய்தது இன்றைக்கும் என்னை விடவில்லை. எதெல் ஸ்கின்னர் உங்கள் மிகப் பழைய சிநேகிதி. 1987இல் நாடகத்தின் ஒரு பகுதி முழுவதும் நீங்கள் இரண்டு பேரும் மட்டும் ஓர் அறைக்குள் இருந்து பழையது பேசினீர்கள். வேறு ஒருவரும் வரவில்லை, வெளியே ஒன்றும் நடக்கவில்லை. இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. 2000 செப்டம்பரில், புற்றுநோய் முற்றிய எதெல், தன் முடிவுக்கு நீங்கள் துணை நிற்க வேண்டும் என்று கேட்டார். அது பாவம் என்பதில் உங்களுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. கேட்டவர் எதெல் என்பதிலும் சந்தேகமில்லை. செய்தீர்கள். செய்துவிட்டு, “இது பாவமே இல்லை” என்று வேதத்துக்குப் புதிய உரை எழுதவில்லை. பாவம் என்றே வைத்துக்கொண்டு, அந்தப் பாரத்தைச் சுமந்தீர்கள். தாங்கள் செய்ததற்கு ஏற்றபடி கொள்கையை வெட்டித் தைத்துக்கொள்ளும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். கொள்கையையும் விடாமல் சிநேகிதியையும் விடாமல், நடுவில் நின்று நசுங்கியவராக நீங்கள் ஒருவர்தான் என் நினைவில் நிற்கிறீர்கள்.

டொட் ஆச்சி, ஜிம்மை மறக்கவில்லை. குதிரைப் பந்தயம், குடி, சோம்பல், வாய்த்துடுக்கு எல்லாம் சேர்ந்த மனிதர். லண்டன் ஐ இராட்டினத்தில் உங்களை ஏற்றிவைத்துக் கல்யாணம் கேட்டார். 2002 பெப்ரவரி 14ஆம் தேதி கட்டிக்கொண்டீர்கள். முதல் கணவர் சார்லி இன்னொரு மனைவியையும் மறைத்து வைத்திருந்தவர். அவரிடம் நீங்கள் அறியாத ஒன்று இந்தக் கல்யாணத்தில் கிடைத்தது. வீட்டில் ஒருவர் உங்களைச் சிரிக்கவைத்தார். எழுபதை நெருங்கும் காலத்திலும் ஒருத்திக்கு வெட்கம் வரும், புதுச் சட்டை வாங்கத் தோன்றும் என்பதை ஒரு நாடகம் கிண்டல் செய்யாமல் காட்டிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல்முறை.

ஆச்சி, 2008 ஜனவரி 31ஆம் தேதிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஜிம்மாக நடித்த ஜோன் பார்டனுக்கு 2007இல் உண்மையிலேயே பக்கவாதம் வந்தது. நாடகத்திலும் ஜிம் மருத்துவமனையில் கிடந்தார். அன்றைய அரைமணிநேரமும் நீங்கள் மட்டும்தான் திரையில். சமையலறையில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு ஜிம்முக்கு அனுப்ப ஒரு நாடாவில் பேசினீர்கள். டோனி ஜோர்டன் எழுதியது. பிரிட்டனின் தொடர் நாடகங்களில் ஒரே ஒருவர் நடித்த முதல் பகுதி. போர்க்காலத்தில் லண்டனிலிருந்து வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட சிறுபிள்ளையாக நீங்கள் இருந்ததையும், அங்கே கிடைத்த அன்பையும், அது பறிபோனதையும் சொன்னீர்கள். ஜிம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்க உங்களால் முடியுமா என்ற பயத்தையும் மறைக்காமல் சொன்னீர்கள். நோயாளியைப் பராமரிப்பவர்கள் அந்தப் பயத்தை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் அன்பில்லை என்று ஊர் எழுதிவிடும். பிறகு எங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவரைப் பார்க்கும் காலம் வந்தது. “என்னால் முடியவில்லை” என்று நான் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததற்கு, நீங்கள் முதலில் சொல்லியிருந்ததும் ஒரு காரணம்.

டொட் ஆச்சி, 2015 பெப்ரவரியில் நாடகத்துக்கு முப்பது வயது. சதுக்கமே கொண்டாட்டத்தில் இருந்த வாரத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் ரெஜ் கொக்ஸைக் கொன்ற அதே வீட்டில், போதைமருந்து உடம்பில் ஏறி நிக் கிடந்தான். அதற்கு முந்திய ஆண்டு தான் செத்துவிட்டதாக நாடகமாடி உங்களை ஒரு பொய்ச் சாவீட்டில் அழவைத்தவன். பேரன் ஆஷ்லியின் சாவுக்கும் காரணமானவன். நீங்கள் மருத்துவரை அழைக்கவில்லை. பக்கத்தில் இருந்து செபித்தீர்கள். காப்பாற்றுவதும் விடுவதும் கடவுள் பொறுப்பு என்றீர்கள். அதன்பிறகும் கடவுளின் பின்னால் ஒளியவில்லை. பொலிஸிடம் நீங்களே சொன்னீர்கள், பதினான்கு மாதச் சிறைத்தண்டனையை ஏற்றீர்கள். அன்று யார் சரி யார் பிழை என்று எங்கள் வீட்டில் எழுந்த வாதம் இன்னும் தீரவில்லை.

ஆச்சி, உங்களுக்கு உடலும் குரலும் தந்த ஜூன் பிரவுணுக்கு நான் தனியாக எழுதியிருக்க வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள். 1927இல் சஃபோக்கில் பிறந்தவர், போர்க்காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் இருந்தவர். சதுக்கத்துக்கு வரும்போது அவருக்கு வயது 58, கையில் மூன்று மாத ஒப்பந்தம். சதுக்கத்தின் மதுக்கடைக்காரர் டென்னாக நடித்த லெஸ்லி கிரந்தம்தான் அவரது பெயரைச் சொன்னாராம். மூன்று மாதத்துக்கு வந்தவர் தொண்ணூறு தாண்டியும் நடித்தார். பார்வை மங்கிய பிறகும் வசனத்தை மனப்பாடம் செய்து நடித்தார். 2022 ஏப்ரல் 3ஆம் தேதி, 95 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் சதுக்கம் உங்களுக்கும் விடைகொடுத்தது. கொலினும் வந்திருந்தார், பரியும் வந்திருந்தார்.

டொட் ஆச்சி, இரண்டு மணிநேரப் படத்தில் உங்களைப் பார்த்திருந்தால் வம்புக்காரக் கிழவி என்று முடிவுகட்டி எழும்பியிருப்பேன். நீங்கள் எனக்குத் தந்தவற்றுள் பெரியது இந்த நீண்ட காலம்தான். 1987இல் கொலினைப் பற்றிக் கதை பரப்பிய வாயும், 2000இல் எதெலின் பக்கத்தில் செபித்த வாயும் ஒன்று என்று பார்ப்பதற்கு ஓர் ஆளோடு அவ்வளவு காலம் கூட இருக்க வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் சங்கக் கூட்டத்திலோ கல்யாண வீட்டிலோ ஒருவரைப் பற்றிக் கடைசித் தீர்ப்புச் சொல்ல என் வாய் எழும்பினால், கொஞ்சம் பொறு, இந்த மனுசிக்கு இன்னும் எத்தனை வருஷக் கதை இருக்கிறதோ என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. வாயை அடக்க உங்களுக்கே முப்பது வருஷம் பிடித்தது, ஆச்சி. எனக்கும் கொஞ்சம் தவணை தாருங்கள்.

மாறாத நன்றியுடன்,
டிஸ்ட்ரிக்ட் லைனில் உங்களுக்கு நான்கு நிலையம் தள்ளி இருக்கும் ஓர் அயலவர்