கிராஸ், நெட், ஒரு கான்டெஸா

துபாயில் பழைய அமெரிக்க வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. முஸ்டாங், கமாரோ, சேலஞ்சர் என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். நான் ஓட்டுவது சத்தமே போடாத ஜப்பான் வண்டி. வேலை வங்கியில், படித்தது பி.காம். அதனால் இது மெக்கானிக் எழுதும் பதிவு அல்ல, கணக்குப்பிள்ளை எழுதும் பதிவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். பாறசாலையில் இருக்கும் என் அத்தான் (மாமா மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர்) போன வருடம் போன் செய்து நாலு லட்சம் ரூபாய் கைமாற்றுக் கேட்டார். கல்யாணச் செலவா, வீட்டுக்குக் கான்கிரீட்டா என்றால் இரண்டும் இல்லை. மாமா விட்டுப்போன கான்டெஸாவில் வேறு எஞ்சின் வைக்கவேண்டுமாம்.

கான்டெஸாவைத் தெரியாத இளசுகளுக்காக ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனி ஓட்டி ஓய்ந்த விக்டர், விஎக்ஸ் மாடலை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் இறக்கிய வண்டி. நீண்ட பானெட், அகலமான முகம். அந்தக் காலத்து மலையாளப் படங்களில் வில்லன் இறங்கினால் பெரும்பாலும் இதிலிருந்துதான் இறங்குவார். ரசிகர்கள் இதை இந்தியாவின் மசில் கார் என்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வாக்ஸ்ஹால் 1925 முதல் 2017 வரை ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பம். மசில் கார் மோகத்தை 1964ல் கிளப்பிவிட்ட பான்டியாக் ஜிடிஓவும் அதே குடும்பம். ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

உருவத்தில்தான் சகோதரர்கள். ஜிடிஓவில் இருந்தது 6.4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின், 325 குதிரைத்திறன். முதல் கான்டெஸாவில் இருந்தது அம்பாசடரின் அதே ஒன்றரை லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்குள் பள்ளிக்கூடப் பையன்! பிறகு இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்து 88 குதிரைத்திறன் ஆனபோதுதான் வண்டி உடம்புக்கேற்றபடி நடந்தது. 2002ல் தயாரிப்பு நின்றது. மாமாவுடையது 1992ம் வருட 1.8.

அத்தான் வைக்க நினைத்தது டொயோட்டாவின் 1ஜேஇசட் எஞ்சின். ஆறு சிலிண்டர், டர்போ, 2.5 லிட்டர், கம்பெனிக் கணக்கில் 280 குதிரைத்திறன். இதையும் இதன் அண்ணனான 2ஜேஇசட்டையும் கான்டெஸாவில் பொருத்தியவர்கள் நம் நாட்டில் உண்டு. அதனால் இது நடக்காத காரியம் அல்ல.

நான் இழுத்தடிப்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "டே மக்கா, நீ அங்க இருந்து தெனமும் முஸ்டாங்கு பாக்கியல்லா? எனக்க அப்பா வண்டிய நான் ஜோராக்கினா உனக்கு என்னடே?"

நியாயமான கேள்விதான். அதற்காக ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் என் தொழிலுக்கே உரியதாக இருந்தது. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் விளம்பரத்தில் சொன்னது கிராஸ் குதிரைத்திறன். ஏர் கிளீனர், சைலன்ஸர், ஃபேன் போன்ற சுமைகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மட்டும் மேடையில் வைத்து அளந்த கணக்கு. 1972ல் எல்லோரும் நெட் கணக்குக்கு, அதாவது வண்டியில் இருக்கும் கோலத்திலேயே அளப்பதற்கு, மாறினார்கள். கொர்வெட்டின் சாதாரண எஞ்சின் 1971ல் 270, அடுத்த வருடம் 200! இளைத்தது எஞ்சின் அல்ல, கணக்கு நேர்மையானது. கிராஸ் லாபத்தைக் காட்டிக் கடன் கேட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவனுக்கு இது புரியாதா என்ன?

அத்தான் சொன்ன 280ம் நாலு லட்சமும் கிராஸ் கணக்குதான். நெட் என்ன என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தோம்.

முதல் கழித்தல், சக்தி போகும் பாதை. கான்டெஸா பின்சக்கர வண்டி. எஞ்சினின் முறுக்கு கிளட்ச், கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் வழியாகச் சக்கரத்துக்குப் போகவேண்டும். 88 குதிரைக்குச் செய்த டிஃபரன்ஷியல் 280ஐ எத்தனை நாள் தாங்கும்? அதையும் மாற்றவேண்டும். ரேடியேட்டரையும் மாற்றவேண்டும், டர்போ சூடு சும்மா விடாது.

இரண்டாவது, பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை நிறுத்தத் தேவையான தூரம் நாலு மடங்கு. எங்கள் ஊர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரை, பாறசாலை, பிறகு களியக்காவிளை. வளைவு, கடை, பள்ளிக்கூடம், திடீரென்று நிற்கும் பஸ். இதில் 280 குதிரையை எங்கே கொண்டுபோய் மேய்ப்பது? ஒர்க்‌ஷாப் ஆசானிடம் போனில் கேட்டேன். முப்பது வருடமாக இந்த வண்டியைக் கழற்றி மாட்டுகிறவர். ஒரே வரியில் முடித்துவிட்டார். "எஞ்சினு நான் வச்சுத் தருவேன் சாரே. பக்ஷே அதை நிறுத்தியது யாரு?"

மூன்றாவது கழித்தல்தான் பெரியது. காகிதம்.

எல்லையில் வாழ்கிறவர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். 1956 நவம்பர் 1ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணி முதலானோர் சேர்த்துக் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. மாமாவுக்கு ரப்பர் ஷீட் கடை களியக்காவிளையில், வீடு பாறசாலையில். வண்டி முதலில் நாகர்கோவில் பதிவு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு மாற்றவேண்டும் என்பது சட்டம். 2004ல் கடையை மூடியதும் மாமா என்.ஓ.சி. வாங்கி, கேரளத்தில் வரி கட்டி மாற்றினார். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு இன்னும் அந்த ஃபைலில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் இருக்கிறது.

அந்த எஞ்சின் போய்விட்டால்? மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இங்கே துபாயிலும் அனுமதியில்லாமல் எஞ்சினில் கைவைத்தால் அபராதம் உண்டு. கொஞ்சம் பழைய வண்டியானால் வருடாவருடம் பாஸிங் போகாமல் முல்க்கியா புதுப்பிக்கவும் முடியாது. அத்தான் நினைப்பதுபோல் இங்கே அவிழ்த்துவிட்ட சுதந்திரம் ஒன்றும் இல்லை.

அனுமதியில்லாத எஞ்சினோடு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய நாமே வழி திறந்துவிட்ட மாதிரி. அடிபட்டவரின் நஷ்டஈடு கடைசியில் வீட்டின் மேல் வந்து விழலாம். அத்தானுக்கு இருப்பது பத்து சென்ட் நிலமும் வீடும்தான். அவர் மகனுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்திருக்கிறது. சாவி யார் கையில் இருக்கும் என்று நான் கேட்டேன். அன்றைக்குப் போனில் ரொம்ப நேரம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். 2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது ஆகியிருக்கவேண்டும், சேசிஸோ பாடியோ எஞ்சினோ பெரிதாக மாறியிருக்கக்கூடாது. மாமாவின் வண்டிக்கு 2042ல் ஐம்பது. எஞ்சினை மாற்றினால் அந்தக் கதவும் மூடிவிடும். தேய்மானமே தெரிந்த எங்களைப் போன்றவர்களுக்கு, வயதாக ஆக மதிப்பு கூடும் சொத்து எவ்வளவு அபூர்வம்!

கடைசியில் என்ன செய்தோம் என்றால், ஆசானிடம் பழைய எஞ்சினின் கம்ப்ரஷனை அளக்கச் சொன்னோம். நாலு சிலிண்டரில் இரண்டு சோர்ந்துபோயிருந்தன. அதாவது அத்தான் "இழுவை இல்லை" என்று இத்தனை நாள் வைதது இசுஸு எஞ்சினை அல்ல, அதன் களைப்பை. சிலிண்டர் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். வால்வு சீட் தேய்த்து, கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவி, அடைந்துபோன ரேடியேட்டரைச் சரிசெய்தார்கள். சில சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை ஆள் போகவேண்டியிருந்தது. பிரேக் முழுதும் புதுசு, டயர் நாலும் புதுசு. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் முடிந்தது. அந்தப் பணத்தை நான் அனுப்பினேன். வட்டியில்லாத கடன், எங்கள் கிரெடிட் கமிட்டி கேட்டால் சிரிக்கும்.

இப்போது 88ம் திரும்ப வந்துவிட்டதா என்று அளக்கவில்லை. ஆனால் மார்த்தாண்டம் போய் வந்த அத்தான், ஐந்தாவது கியரில் ஏற்றம் ஏறியதைச் சொல்லும்போது குரலில் மாமாவே பேசுகிற மாதிரி இருந்தது. மகனுக்கு மட்டும் திருப்தி இல்லை. டர்போ வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறான். "மாமா, ஒருநாள் பாருங்க" என்கிறான். பார்ப்போம், கடன் கேட்டுத்தானே வரவேண்டும்!

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் வீட்டு முற்றத்தில் இப்படி ஒரு பழைய வண்டி தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருக்கும். "கொஞ்சம் பணம் அனுப்பு, பறக்க வைக்கிறேன்" என்று ஒரு அத்தானோ மச்சானோ கேட்பார். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அந்த ஆசை நல்ல ஆசை. பணம் எந்த வரிசையில் செலவாகவேண்டும் என்று மட்டும் கேளுங்கள். முதலில் பிரேக்கும் டயரும். பிறகு இருக்கிற எஞ்சின் இழந்ததைத் திரும்ப எடுப்பது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் அனுமதி. எஞ்சின் மாற்றுவது அதற்கப்புறம்தான்.