பட்ரீசியா கோல்ட்மன்-ராகிச்சுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

2003-இல் ஒரு சாலை விபத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நன்றியைக் கேட்க நீங்கள் இல்லை. ஆனாலும் உங்கள் பெயரை நாலு பேர் அறியட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மருந்தில் குரல்கள் அடங்கின. ஆனால் மூன்று சாமான் வாங்கக் கடைக்குப் போனால் ஒன்றோடு வருவான். எதை வாங்குவது என்று தீர்மானிக்க முடியாமல் வெறுங்கையோடும் வருவான். 'சோம்பேறி' என்றார்கள் உறவினர்கள். அந்தச் சொல்லுக்கு விடை தேடியபோதுதான் மூளை பற்றிய உங்கள் ஆய்வுகள் கிடைத்தன.

யேல் பல்கலைக்கழகத்தில் ஃபுனஹாஷி, புரூஸ் இருவரோடு நீங்கள் செய்து 1989-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மனப்பாடம். குரங்கு திரையின் நடுப்புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். சுற்றியுள்ள எட்டு இடங்களில் ஏதோ ஓரிடத்தில் அரை விநாடி ஒளி தோன்றி மறையும். பிறகு சில விநாடிகள் ஒன்றும் தோன்றாது. நடுப்புள்ளி அணைந்ததும், ஒளி இருந்த இடத்துக்குக் கண்ணைத் திருப்ப வேண்டும். கண்முன் எதுவுமில்லாத அந்த விநாடிகளில் மூளையின் முன்நெற்றிப் புறணியின் நரம்பணுக்கள் சில ஓயாமல் துடித்தன, ஒவ்வொன்றும் தனக்குரிய திசைக்காக. குரங்கு தவறிய வேளைகளில் அந்தத் துடிப்பு இல்லை, அல்லது பாதியில் அறுந்திருந்தது.

இத்தகைய அணுக்களை 1971-லேயே ஃபுஸ்டர், குபோட்டா போன்றோர் கண்டிருந்தார்கள். துடிப்பு எப்படி நீடிக்கிறது என்று இணைப்புகளுக்குள் புகுந்து தேடியவர் நீங்கள். ஒரே திசைக்குரிய அணுக்கள் ஒன்றையொன்று தூண்டி விழித்திருக்கச் செய்கின்றன. தடுப்பணுக்கள் மற்றத் திசைகளை அடக்குகின்றன. நினைவில் ஏந்துவது தனி அணு அல்ல, கூட்டம். இத்தகைய பின்னலே முடிவும் எடுக்கக்கூடும் என்று சியாவ்-ஜிங் வாங் 2002-இல் கணினி மாதிரியில் காட்டினார்: இரு கூட்டங்கள் போட்டியிட, சான்றுகள் சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஒன்று ஓங்கி மற்றதை அமர்த்திவிடும்.

டோபமைன் ஆய்வுக்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். முன்நெற்றிப் புறணியில் அந்த ஒரு வேதிப்பொருள் வற்றினாலே, அப்பகுதியை வெட்டி எடுத்ததற்கு ஏறக்குறைய ஈடாகக் குரங்கு தடுமாறும் என்று 1979-இல் உங்கள் குழு காட்டியது. மனச்சிதைவின் மையத்திலேயே செயல் நினைவின், அதாவது கண்முன் இல்லாததைச் சற்று நேரம் மனத்தில் ஏந்தும் திறனின், பழுது இருக்கிறது என்று பின்னர் வாதாடினீர்கள். மருத்துவ உலகம் குரல்களையும் மாயத் தோற்றங்களையுமே பெரிதாகப் பேசிய காலம் அது.

இப்போது தம்பி சாமான் பட்டியலைத் தன் கையாலேயே எழுதி எடுத்துப் போகிறான். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறோம். யாராவது 'சோம்பேறி' என்று தொடங்கினால், அந்தக் குரங்கையும் வெற்றுத் திரையையும் பற்றி அம்மாவே விளக்கிவிடுகிறார்.

மிக்க நன்றியுடன்,
ஓர் அக்கா