நாலு கயிற்றில் ஒரு வீடு

சிவகாசிக்குப் பட்டாசு, திருப்பூருக்குப் பனியன் என்றால் அமெரிக்காவின் எல்க்ஹார்ட்டுக்கு வீடு. சாதா வீடு இல்லை சார், சக்கரம் வைத்த வீடு! காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் நிறுத்திக் குடித்தனம் பண்ணலாம். அட்வான்ஸ் கிடையாது. மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்க்கமாட்டார்.

சிகாகோவிலிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் இண்டியானா மாநிலத்தில் இந்த ஊர். 1930-களிலேயே டிரெய்லர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கும் அமெரிக்க ரோடுகளில் உருளும் இந்த மாதிரி வீடுகளில் பெரும்பகுதி இந்த வட்டாரத்துச் சரக்குதான். இதற்கென்று ஒரு மியூசியமே இருக்கிறது. 1913-ல் செய்த டிரெய்லர், நடிகை மே வெஸ்டின் 1931 செவர்லே வீட்டு வண்டி எல்லாம் பளபளவென்று நிற்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் ஏகப்பட்ட பேர் ஆமிஷ் மக்கள். சொந்தக் கார் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. பகலெல்லாம் கார் இழுக்கும் வீட்டைக் கட்டுகிறவரின் வீட்டு வாசலில் குதிரை வண்டி நிற்கிறது!

பெரிய டிரெய்லருக்குப் பெரிய பர்ஸ் வேண்டும். நம்ம பையன்களுக்குக் கட்டுப்படியாவது 'பாப்-அப்'. ஓடும்போது மூடிவைத்த டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கும். நிறுத்தி ஒரு கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் கட்டிலை இழுத்துவிட்டால் கான்வாஸ் ரூம் ரெடி. சிகாகோவில் ஆன்-சைட் வேலையில் இருக்கும் என் மச்சினனும் மூன்று பிரம்மச்சாரி நண்பர்களும் பங்கு போட்டு ஒரு பழைய பாப்-அப் வாங்கியிருந்தார்கள். அதை இழுத்துக்கொண்டு இண்டியானா டூன்ஸ் போனோம்.

மிச்சிகன் ஏரிக்கரையில் மைல்கணக்கில் மணல்மேடுகள். 2019-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 'மவுண்ட் பால்டி' என்ற மேடு நூறு அடிக்கு மேல் உயரம். காற்று மணலை அள்ளி அள்ளிப் போட, மேடே வருஷா வருஷம் உள்ளே நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த மணல் நம் சட்டை, சாம்பார், காதுமடல் எதையும் விடாது.

கைப்பிடியைச் சுற்றினோம். கூரை, எங்கள் கிராமத்துக் கிணற்றுக் கப்பி மாதிரி 'க்றீ...ச்' என்று அலறியது.

"அத்தான், ஒரு டப்பா கிரீஸ் இருக்கு. எல்லாத்துலயும் அப்பிடலாமா?" என்றான் மச்சினன்.

பக்கத்து டிரெய்லரில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "தம்பிகளா, வேண்டாம்!" வலது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரல் கோணலாக இருந்தது. பிரேக் இல்லாத பழைய வின்ச்சில் கூரையை இறக்கியபோது கைப்பிடி நழுவி, விசிறி மாதிரி சுழன்று அடித்ததாம்.

குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னார். விஷயம் இதுதான். கைப்பிடி ஒரே ஒரு இரும்புக் கயிற்றை இழுக்கிறது. அது ஒரு குறுக்குச் சட்டத்தை இழுக்க, அதிலிருந்து நாலு கயிறுகள் கப்பிகள் வழியாக நாலு மூலைக்கும் போகின்றன. அங்கே தூண்கள் ஒன்றுக்குள்ளிருந்து ஒன்றாக எழும்பிக் கூரையைத் தூக்குகின்றன. அந்தக் கயிறு தரைக்கு அடியில் இருப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு அங்கே போய் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்க வைக்கிறது.

அடுத்த ஒரு மணி நேரம் பெரியவர் பாடம் எடுத்தார். முதலில் தோல் கையுறை. அறுந்த இழை தூண்டில் முள் மாதிரி சதையைக் கிழிக்கும். துணியால் கயிற்றைத் துடைத்து, பிறகு லேசான எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவி, மிச்சத்தையும் துடைத்துவிட வேண்டும். கிரீஸை அப்பினால் மணல் ஒட்டும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள்தான்! கப்பி அச்சுக்கு இரண்டு சொட்டு. சுழலாத கப்பி, கயிற்றை ரம்பம் மாதிரி அறுக்கும். தூண்களுக்கு ஒட்டாத சிலிக்கான் ஸ்பிரே.

"அப்ப கிரீஸ் எதுக்கு?" என்றான் மச்சினன்.

"வின்ச்சின் பல்சக்கரத்துக்கு மட்டும். உள்ளே பிரேக் தட்டு இருக்கிறது. அதில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது."

நியாயம்தானே? ஸ்கூட்டர் பிரேக் லைனிங்கில் எண்ணெய் விடுவோமா? பிரேக் வழுக்கினால் கூரை நம் தலைக்கு மேல்தான் இறங்கும்.

மூன்று கயிறு தேறிவிட்டது. நாலாவதில், பின்பக்கக் கப்பி அருகே ஐந்தாறு இழைகள் அறுந்து சிலிர்த்துக்கொண்டிருந்தன. பெரியவர் எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார். "இதற்கு மருந்து கிடையாது. மாற்றித்தான் ஆகவேண்டும்." கூரையின் நாலு மூலைக்கும் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே எங்களை உள்ளே விட்டார். மூன்று நாள் ப்ரோக்ராம் ஒரே நாளில் முடிந்தது. பையன்கள் முகம் தொங்கிவிட்டது. கூரை தொங்குவதற்கு இது தேவலை!

அமெரிக்கா போகிற நண்பர்களே, வாரக் கடைசிக்கு பாப்-அப் வாடகைக்கு எடுத்தால், பீட்ஸாவுக்குப் போன் போடும் முன் ஒரு தடவை முட்டிபோட்டு அடியில் எட்டிப் பாருங்கள். டார்ச் எடுத்துப் போவது உத்தமம். பேன்ட் அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.