மார்கழிக் குளிரிலும் மாவு பொங்கும்: பழைய ஃபிரிட்ஜுக்கு ஒரு புது வேலை!

"குளுருக்கு மாவு பொங்கலீங்க..." மார்கழி பிறந்தால் கோவையில் மாவு விற்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கிவிடும். ராத்திரி ஆட்டி வைத்த மாவு விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். வீட்டுக்கு மட்டும் என்றால் உப்புமா கிண்டிச் சமாளித்துவிடலாம். பாக்கெட் போட்டு விற்கும் பெண்ணுக்கோ அன்றைய வருமானமே போச்சு. அதனால்தான் போசியைக் கம்பளியில் சுற்றி வைப்பதும், நடுராத்திரி எழுந்து மூடியைத் திறந்து பார்ப்பதும். சித்திரையில் நிலைமை தலைகீழ். விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும்.

உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. அவற்றில் முக்கியமானது லூக்கனாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. சுமார் 30 டிகிரி கதகதப்பு இருந்தால் மாவு ஒரே இரவில் பதமாகப் பொங்கிவிடும்.

கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆட்டும் வேலையை மோட்டார் எப்போதோ வாங்கிக்கொண்டது. மாவுக்குக் காவல் இருக்கும் வேலை மட்டும் இன்னும் பெண்கள் தலையில்தான்.

அந்தக் காவலுக்கும் ஒரு வழி இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள், பழைய ஃபிரிட்ஜில் டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலரைப் பொருத்தி, அதற்குள் நொதிக்க வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். ஆனால், அதே ஏற்பாடு இட்லி மாவுக்கு அப்படியே பொருந்தும்.

எப்படிப் பொருத்துவது?

'எஸ்.டி.சி. 1000' போன்ற கன்ட்ரோலரில் குளிரூட்ட ஒன்று, சூடேற்ற ஒன்று என இரண்டு இணைப்புகள் உண்டு. முதலாவதில் ஃபிரிட்ஜ், இரண்டாவதில் ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் 40 வாட்ஸ் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பில் போதிய சூடு வராது. பல்பு பிளாஸ்டிக்கில் படக்கூடாது. ஃபிரிட்ஜின் சொந்தக் குமிழை அதிகக் குளிருக்குத் திருப்பி வைத்துவிட்டால், பிறகு கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

சென்சார் ஒயரைக் கதவு ரப்பர் வழியாகவே உள்ளே விடலாம். சுவரில் துளை போட்டால் உள்ளே ஓடும் கேஸ் குழாய் ஓட்டையாகிவிடலாம். சென்சார் முனையைப் போசியின் வெளிப்பக்கம் ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டுங்கள். காற்றில் தொங்கவிட்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் அளவு தாறுமாறாக மாறும்.

அளவை 30 என்றும், வித்தியாசத்தை 1 என்றும் வையுங்கள். 29 டிகிரிக்கு இறங்கினால் பல்பு எரியும். 31-க்கு ஏறினால் கம்ப்ரஸர் ஓடும். கம்ப்ரஸர் நின்றதும் உடனே மீண்டும் ஓடாதபடி, 'டிலே'யை 3 முதல் 5 நிமிடங்களுக்கு வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் கம்ப்ரஸர் பழுதாகும்.

230 வோல்ட் விஷயம் என்பதால் ஒயரிங்கை எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. எர்த் கட்டாயம். இணைப்புகள் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

போசியில் பாதி அளவுக்கு மாவு ஊற்றினால் போதும். மூடியை இறுக்க வேண்டாம். மாவு பொங்கியதும் பல்பின் பிளக்கைக் கழற்றி, அளவை 5-க்குக் குறைத்தால் அதே ஃபிரிட்ஜ் மாவைப் புளிக்காமல் காக்கும்.

கருவியால் முடியாதது

பழைய உளுந்தையோ, கொரகொரவென்று அரைத்த மாவையோ இந்தக் கருவி சரிசெய்யாது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், உப்பு எவ்வளவு என்பதெல்லாம் இன்னும் கைக்குத் தெரிந்த கணக்குதான். அந்தக் கைக்கு இரவில் முழுத் தூக்கம் கிடைக்கும் என்பதுதான் இதில் உண்மையான லாபம்!