வரங்களும் வரம்பும்

1834 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, கிளாஸ்கோ நகரிற் சயரோகத்தால் ஒருவர் இறந்தார். அவருக்கு வயது 42. குளிர்காலத்தை வெப்பமான நாடொன்றிற் கழிக்கவேண்டும் என மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தனர். அவரோ வடக்கு நோக்கிச் சென்றார். ஸ்கொத்லாந்திலே அவருக்கொரு பெரும்பணி காத்திருக்கின்றது என்று அவருடைய சபையிலே தீர்க்கதரிசன வாக்கொன்று எழுந்திருந்தது. அதனை ஆண்டவரின் வாக்காகவே கொண்டு, இருமலோடும் காய்ச்சலோடும் குதிரைமீதேறிப் புறப்பட்டவர் எட்வேட் ஏர்விங். 1820 களில் இலண்டனிலே பிரபுக்களும் அமைச்சர்களும் அவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கூடினர். எழுத்தாளர் தொமஸ் கார்லைலின் நெருங்கிய நண்பர் அவர்.

அப்போஸ்தலர் காலத்திலே திருச்சபைக்கு அருளப்பட்டனவாக வேதாகமம் கூறும் அற்புத வரங்கள், அதாவது நோய் தீர்த்தல், தீர்க்கதரிசனம் உரைத்தல், கல்லாத பாஷைகளிற் பேசுதல் முதலியன, இன்றும் தொடர்கின்றனவா, அன்றி அக்காலத்தோடு நின்றுபோயினவா? இவ்வினாவைப் பலர் ஏட்டிலே ஆராய்ந்துள்ளனர். ஏர்விங் அதனைத் தம் உடலிலேயே ஆராய்ந்தார் எனலாம்.

வினா மிகப் பழையது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13 ஆம் அதிகாரத்திலே, பாஷைகளுக்கு ஒரு முடிவு உண்டென்றும் நிறைவானது வரும்போது குறைவானது நீங்குமென்றும் பவுல் கூறுகிறார். அந்த நிறைவு புதிய ஏற்பாடு முழுமையடைந்தமையே என்பர் ஒரு சாரார். கிறிஸ்துவின் மறுவருகையே என்பர் மறு சாரார். அவ்விடத்திலேயே முகமுகமாய்க் காண்பதைப் பற்றிப் பவுல் பேசுதலின், பின்னைய பொருளே இயல்பானது. ஆயின் வரலாறு இதற்கு எளிதில் ஒத்துவரவில்லை. நான்காம் நூற்றாண்டிற் கிறிசோஸ்தோம், இவ்வரங்கள் தம் காலத்தில் இல்லாது போனமையாலேயே பவுலின் இப்பகுதி விளங்குதற்கு அரிதாயுள்ளது என்று வெளிப்படையாகவே கூறினார். அகஸ்தீனும் இளமையில் அவ்வாறே எழுதினார். ஆனால், முதுமையிலே தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் 22 ஆம் பகுதியில், ஹிப்போ நகரில் இரண்டாண்டுகளுக்குள் நிகழ்ந்தனவாக எழுத்திற் பதிவான அற்புதங்கள் ஏறக்குறைய 70 என்கிறார். தாம் முன்பு எழுதியதற்கு விளக்கமும் திருத்தமும் எழுதிவைத்தார். தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்ளும் அறிஞர் எக்காலத்திலும் அரியர்.

ஏர்விங்கிடம் மீள்வோம். வரங்கள் நின்றமைக்குக் காரணம் கடவுளின் திட்டமன்று, திருச்சபையின் விசுவாசக் குறைவே என்பது அவர் கொள்கை. 1830 இல் ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையோரத்திலே, நோயுற்றுக் கிடந்த மேரி கம்பெல் என்னும் இளம்பெண் அறியாத பாஷையொன்றிற் பேசினாள்; பின்னர் நோய் நீங்கி எழுந்தாள். தான் பேசியது பசுபிக் சமுத்திரத்துப் பெலூ தீவினரின் மொழி என அவள் கருதினாள். அம்மொழியை அறிந்த எவரும் அயலில் இருக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மறு ஆண்டிலே ஏர்விங்கின் இலண்டன் ஆலயத்திலும் வழிபாட்டின் நடுவே இத்தகைய குரல்கள் எழுந்தன. பிரசங்க மேடையில் நின்றவாறே அவர் வாய்மூடி அக்குரல்களுக்குச் செவிசாய்த்தார். 1832 இல் ஆலயத்தின் பொறுப்பாளர் அவரை வெளியேற்றினர். அவ்விசாரணை தொடங்கிய நாளிலேயே, அவர் சபையிலே தீர்க்கதரிசியென மதிக்கப்பட்ட றொபேட் பக்ஸ்ரர் என்னும் சட்டத்தரணி அவரிடம் வந்து, தாம் உரைத்தவை நிறைவேறவில்லை, நாம் எல்லாரும் ஏமாந்துவிட்டோம் என்று கூறினார். ஏர்விங் அதனை ஏற்கவில்லை. பக்ஸ்ரர் மறு ஆண்டிலே தம் அநுபவத்தை நூலாக வெளியிட்டார். தன் வாயிற் பிறந்த வாக்குக்கு எதிராகத் தானே சாட்சி கூறிய அந்நூல், இப்பொருள் பற்றி எழுந்தவற்றுள் நேர்மை மிக்கவற்றுள் ஒன்று.

இவை யாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. ஏர்விங்கிற்கு எந்த வரமும் கிட்டவில்லை. ஒரு தடவையேனும் அவர் பாஷை பேசினாரல்லர், தீர்க்கதரிசனம் உரைத்தாரல்லர். தம்மிலும் கல்வியிற் குறைந்தோர் வாயிலாக வந்த ஆணைகளுக்கெல்லாம் அவர் பணிந்தார். 1833 இல் ஸ்கொத்லாந்துத் திருச்சபை அவரது குருத்துவத்தைப் பறித்தபோது, இலண்டனில் அவருடைய சொந்தச் சபையே, புதிய அப்போஸ்தலர் ஒருவரின் கையால் மீண்டும் அபிஷேகம் பெறும்வரை அவர் திருவருட்சாதனங்களை நிறைவேற்றலாகாது எனத் தடுத்தது. அதற்கும் பணிந்தார். கதவைத் திறந்தவரே வாயிலில் நிற்கவேண்டியதாயிற்று.

ஏர்விங் சபையின் வரங்களைத் தனியோர் அத்தியாயத்திற் கடுமையாக ஆராய்ந்தவர் அமெரிக்கப் பிறின்ஸ்ரன் இறையியற் கல்லூரிப் பேராசிரியர் பெஞ்சமின் வோர்பீல்ட். அவரது நூல் 1918 இல் வெளிவந்தது. நெடுங்காலம் நோயுற்றிருந்த அவருடைய மனைவி அதற்கு மூன்றாண்டுகளின் முன்னரே இறந்திருந்தார். எனவே அற்புத சுகத்தை மறுத்தெழுதிய அவரை நோயாளியின் துயரறியாத ஏட்டுப் புலவர் எனத் தள்ளிவிடமுடியாது. வரங்கள் அப்போஸ்தலரின் அடையாளச் சான்றுகள். அவர்கள் கைவைத்தோருக்கு மட்டுமே அவை சென்றன. ஆகவே அவ்வாறு பெற்றோரில் இறுதியானவர் இறந்ததும் அவை ஒழிந்தன என்பது அவர் வாதம். சமாரியருக்குப் பிலிப்பு போதித்திருந்தும், பேதுருவும் யோவானும் வந்து கைவைத்த பின்னரே அவர்கள் ஆவியைப் பெற்றமை இதற்கு வலுவான சான்று. ஆயின் கொர்நேலியு வீட்டாரிடம் எவரும் கைவைக்குமுன்னரே ஆவி இறங்கிற்று. சவுலின்மீது கைவைத்த அனனியா அப்போஸ்தலனல்லன். ஒரு சில நிகழ்ச்சிகளிலிருந்து பொதுவிதி அமைப்பதில் உள்ள இடர்ப்பாடு இதுவே.

மறுபுறத்தாரும் விடைகூறவேண்டியுள்ளது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1906 இல் வில்லியம் சீமோர் என்னும் கறுப்பினப் போதகரின் தலைமையில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலிற் கலந்துகொண்ட கார் தம்பதியர், தமக்கு வங்காள மொழி அருளப்பட்டது என்ற நம்பிக்கையோடு கல்கத்தா வந்தனர். வங்காளிகளுக்கு அது விளங்கவில்லை. 1972 இல் நூல் வெளியிட்ட மொழியியலாளர் வில்லியம் சமரின், இத்தகைய பேச்சு பேசுவோரின் தாய்மொழி ஒலிகளைக் கொண்டே அமைகின்றது, அதிலே மொழிக்குரிய இலக்கணக் கட்டுக்கோப்பு இல்லை என்று காட்டினார். எனினும் அதனைப் பேசுவோரை நோயாளராகக் கருத அவர் உடன்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

சீமோருக்கும் 46 ஆண்டுகள் முந்தி, 1860 இல் திருநெல்வேலிப் பகுதியிலே அருளப்பன் என்னும் தமிழ் ஊழியரின் சபைகளிற் பாஷைகளும் தரிசனங்களும் தோன்றின. அவற்றை அவரே எழுதிவைத்தார். 1920 களிற் கொழும்பிலே உருவாகித் தென்னிந்தியா எங்கும் பரவிய இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷன், மருந்தை நாடாது கடவுளையே நம்பி நோய் நீங்குதலைத் தன் ஊழியருக்கு ஒழுக்கமாக்கியது. இவ்விடத்தில் வினா இறையியலறிஞரின் கையிலிருந்து நழுவி நோயாளியின் படுக்கையருகே வந்துவிடுகின்றது. சுகம் கிடைத்தால் ஆண்டவருக்கு மகிமை. கிடைக்காவிடிலோ நோயாளியின் விசுவாசத்தின்மீது பழி. இறப்பவனுக்கு நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துக் கொடுக்கும் போதனையிற் கொடுமை உண்டு.

பவுலின் உடலிற் பட்ட துணிகளும் நோயாளரைச் சுகப்படுத்தின என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுச்சென்றார். தீமோத்தேயுவின் வயிற்றுநோய்க்குச் சிறிது திராட்சரசத்தை விதித்தார். இதனை இரு சாராருமே போதிய அளவு கவனித்திலர். வரம் நின்றுவிட்டது என்போரும் தொடர்கிறது என்போரும், முன்னொரு காலத்தில் அது வேண்டியபோதெல்லாம் கிடைத்தது என்றே எண்ணுகின்றனர். அவ்வாறான காலம் ஒன்றிருந்ததாகப் பவுலின் நிருபங்களிலே தெரியவில்லை. அப்போஸ்தலனுக்கும் அது கைப்பொருளாய் இருக்கவில்லை. ஏர்விங் துரோப்பீமுவின் கதையை எத்தனை தடவை வாசித்திருப்பார்! 1832 இல் வாந்திபேதி தம்மைத் தாக்கியபோது எழுந்து சென்று பிரசங்கித்துச் சுகம்பெற்றதாக நம்பிய அவருக்கு, இரண்டாண்டுகளின் பின் வந்த நோயும் அவ்வாறே விலகும் என்று தோன்றியதில் வியப்பில்லை.

அவர் இறந்தபின் அச்சபை பன்னிரு புதிய அப்போஸ்தலரைக் கொண்டு, கத்தோலிக்க அப்போஸ்தலச் சபை என்ற பெயரால் வளர்ந்தது. குருக்களை அபிஷேகஞ்செய்யும் அதிகாரம் அப்போஸ்தலரிடமே இருந்தது. ஆண்டவர் அவர்கள் வாழ்நாளிலேயே வருவார் என எதிர்பார்த்ததால், இறந்தோரின் இடத்திற்கு வேறெவரும் நியமிக்கப்படவில்லை. இறுதி அப்போஸ்தலர் 1901 இல் இறந்தார். அவர்கள் அபிஷேகஞ்செய்த குருக்களுள் இறுதியானவர் 1971 இல் இறந்தார். வோர்பீல்ட் முதலாம் நூற்றாண்டுக்கு வகுத்த விதி, அவர் மறுத்த சபைக்கே எழுத்துப் பிசகாது பலித்தது. இலண்டனிற் கோடன் சதுக்கத்திலே அவர்கள் எழுப்பிய பேராலயம், 1963 முதல் 1994 வரை அந்நகரப் பல்கலைக்கழக மாணவரின் அங்கிலிக்கன் வழிபாட்டிடமாகப் பயன்பட்டது.