நான்கு வாரத் தவணை கேட்கும் பறவை



நம் ஊர்ப் பால் பண்ணைகளில் கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறத்தில், பெருத்த மடியுடன் நிற்கும் கலப்பினப் பசுக்களைக் கண்டிருப்பீர்கள். ஃப்ரீஷியன் என்பது அவ்வினத்தின் பெயர். அப்பெயர் ஒரு நிலத்தின் பெயரிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் வடமேற்கே, நெதர்லாந்து நாட்டிலுள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணமே அந்நிலம். அந்தப் பசுவின் தாய்மண்ணில் வாழ்ந்து வரும் ஒரு பறவையின் துயரத்தையே இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர், நீரைக் குறுக்கிட்டுச் செல்லும் 32 கிலோமீட்டர் நீளமான அணைக்கரையைக் கடந்து ஃப்ரீஸ்லாந்தை அடையலாம். 1932-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கரையின் ஒரு புறம் உப்புக் கடல். மறு புறம் நன்னீர் ஏரி. அதைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பசும்புல்தான். குன்று இல்லை, பாறை இல்லை. கடல் மட்டத்தை ஒட்டியும் அதற்குத் தாழ்ந்தும் கிடக்கும் நிலத்தை வாய்க்கால்கள் கோடு கோடாகப் பிரித்து நிற்கின்றன. ஏரிக்கரையோரத்தில் வொர்க்கும் என்றொரு சிற்றூர் உள்ளது. ஏப்ரல் மாதத்தில், ஃபஜ்ருத் தொழுகை முடிந்து ஒளி பரவும் வேளையில், அவ்வூரின் புறத்தே உள்ள புல்வெளியில் சற்று நேரம் நின்று பாருங்கள். வானில் வட்டமிட்டபடி ஒரு பறவை, "குரூட்டோ, குரூட்டோ" என்று தன் பெயரைத் தானே சொல்லிக் கொண்டிருக்கும். அது எழுப்பும் ஒலியையே டச்சு மக்கள் அதற்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள்.

தமிழில் இதனைக் கருவால் மூக்கன் என்பர். நீண்ட கால்கள்; ஈர மண்ணில் ஆழமாக நுழைத்துப் புழுக்களை எடுப்பதற்கென்றே அமைந்தது போன்ற நீண்ட அலகு; இனப்பெருக்கக் காலத்தில் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம். 2015-ஆம் ஆண்டில் நெதர்லாந்து மக்கள் வாக்களித்து இதனைத் தம் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்தனர்.

முஸாபிரின் வழித்தடம்

இப்பறவை ஒரு முஸாபிர். குளிர்காலத்தை அது மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகல் நாட்டின் ஈரநிலங்களும், அதன் அண்டை நாடான கினி-பிசாவின் நெல்வயல்களும் அதற்குப் புகலிடம். அங்கிருந்து ஸஹாரா பாலைவனத்தைக் கடந்து, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் நெல்வயல்களில் இறங்கி, சிந்திக் கிடக்கும் நெல்மணிகளை உண்டு உடலைத் தேற்றிக் கொள்கிறது. அந்தத் தீபகற்பத்தில் நெற்பயிரை வேரூன்றச் செய்தவர்கள் அந்தலூஸை ஆண்ட நம் முன்னோர் என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். பிறகு மீண்டும் சிறகு விரித்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஃப்ரீஸ்லாந்தின் புல்வெளியை வந்தடைகிறது. சம்பாத்தியத்திற்காகக் கடல் கடந்து செல்வோரை வழியனுப்பியும் வரவேற்றும் பழகிய நம் குடும்பங்களுக்கு, தொலைதூரம் போனாலும் பிறந்த மண்ணுக்கே திரும்பும் இந்த வேட்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரலில் இப்பறவை புல்லுக்குள் சிறு குழி அமைத்து நான்கு முட்டைகள் இடுகிறது. சுற்றியுள்ள புல்லை வளைத்து மேலே கூரை போல மூடிக் கொள்கிறது. தாயும் தந்தையும் மாறி மாறி ஏறத்தாழ 24 நாட்கள் அடைகாக்கின்றன. மே மாதத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இவற்றுக்குப் பெற்றோர் இரை ஊட்டுவதில்லை. பிறந்த மறுநாளே குஞ்சு தன் காலால் நடந்து, புற்களிலும் பூக்களிலும் அமரும் சிறு பூச்சிகளைத் தானே பிடித்து உண்ண வேண்டும். குளிரிலும் மழையிலும் பெற்றோர் சிறகுக்குள் அணைத்துக் கொள்ளும்; எதிரி வந்தால் கூச்சலிட்டு விரட்டும். பறக்கும் ஆற்றல் வருவதற்குச் சற்றேறக்குறைய நான்கு வாரம் ஆகும். இப்பறவை மனிதனிடம் கேட்பது அந்த நான்கு வாரத் தவணையைத்தான்.

முந்திக்கொண்ட அரிவாள்

ஒரு காலத்தில் அத்தவணை தானாகவே கிடைத்து வந்தது. அந்நாளைய உழவர்கள் புல்லை நன்கு வளரவிட்டு, ஜூன் மாதத்தில் அறுத்து, வெயிலில் உலர்த்தி வைக்கோலாக்கினர். அதற்குள் குஞ்சுகள் சிறகு பெற்றுவிடும். நிலமும் ஈரமாக இருந்தது. பல வகைப் பூண்டுகளும் பூச்செடிகளும் புல்லோடு கலந்து வளர்ந்தன. உழவும் பறவையும் ஒன்றையொன்று இடறாமல் பல தலைமுறைகள் வாழ்ந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறிற்று. சிறு நிலங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. வாய்க்கால் நீர்மட்டம் தாழ்த்தப்பட்டு நிலம் உலர்த்தப்பட்டது. உரம் பெருகியது. பூண்டுகள் மறைந்து, வேகமாக வளரும் ஒரே வகைப் புல் எங்கும் நிறைந்தது. வைக்கோலுக்குப் பதிலாகப் பச்சைப் புல்லையே காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் முறை வந்ததால், உலர்த்துவதற்குக் கோடை வெயிலை எதிர்பார்க்க வேண்டிய அவசியம் இல்லாது போயிற்று. இளம் புல்லில் புரதம் மிகுதி, பாலும் மிகுதி. எனவே அறுவடை மே மாதத்திற்கு முன்னேறியது.

இதனோடு பருவநிலை மாற்றமும் சேர்ந்து கொண்டது. புல்லின் வளர்ச்சி நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. அந்நாட்டு உழவர்கள் ஜனவரி முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டி வந்து, அத்தொகை ஏறத்தாழ 200 பாகையை எட்டும்போது உரமிடும் வழக்கம் உடையவர்கள். குளிர்காலம் வெதுவெதுப்பாகிவிட்டதால் அக்கணக்கு முன்னதாகவே நிறைவு பெறுகிறது. புல் முன்னதாக ஓங்குகிறது. அறுக்கும் இயந்திரமும் முன்னதாக வயலில் இறங்குகிறது. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, 25 ஆண்டுகளில் முதல் அறுவடை ஏறத்தாழ இரண்டு வாரம் முந்திவிட்டதையும், அதே காலத்தில் குஞ்சு பொரிக்கும் நாள் முந்தவில்லை என்பதையும் எடுத்துக் காட்டியது. பறவை தன் காலத்தில்தான் வந்தது. மனிதனின் அரிவாள் முந்திக்கொண்டது.

ஆபத்து வந்தால் தரையோடு தரையாகப் பதுங்கி அசையாதிருப்பது குஞ்சின் இயல்பு. காக்கைக்கும் பருந்துக்கும் எதிராக அது சிறந்த காவல். அகன்ற கத்திகளுடன் விரைந்து வரும் இயந்திரத்தின் முன்னே அதுவே மரணம். தப்பிப் பிழைத்த குஞ்சுக்கோ, மொட்டையடிக்கப்பட்ட வயலில் பூச்சியும் இல்லை, மறைவிடமும் இல்லை.

1960-களில் நெதர்லாந்தில் சுமார் 1,20,000 இணைகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ அதில் கால் பங்கே. க்ரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் தெயுனிஸ் பியர்ஸ்மாவும் அவருடைய குழுவினரும் 2004 முதல் தென்மேற்கு ஃப்ரீஸ்லாந்தில் இப்பறவைகளின் காலில் வண்ண வளையங்கள் இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு தொடர்ந்து வருகின்றனர். அத்தகைய ஆய்வுகள் உணர்த்தும் உண்மை ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கும். வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் பத்திரமாகத் திரும்பி வருகின்றன. பாலைவனமும் புயலும் அவற்றை அதிகம் அழிக்கவில்லை. குறைவது குஞ்சுகள்தாம். ஆகவே வானில் குரல் கேட்கிறதே, பறவைக்குக் குறையில்லை என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். கேட்பது முதியோரின் குரல். மழலை இல்லாத வீட்டின் கலகலப்பு எத்தனை நாள் நீடிக்கும்?

ஐஸ்லாந்து சொல்லும் பாடம்

"காலநிலை மாறிவிட்டது, நாம் என்ன செய்ய இயலும்?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடை ஐஸ்லாந்தில் இருக்கிறது. அத்தீவிலும் இதே பறவையின் கிளையினம் ஒன்று கூடு கட்டுகிறது. அங்கும் வெப்பம் ஏறியுள்ளது. ஆனால் அங்கே இதன் எண்ணிக்கை கடந்த நூறாண்டுகளில் பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஜெனிஃபர் கில் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014-இல் ஒரு நுட்பத்தை வெளியிட்டனர். ஒரு தனிப் பறவை தான் வந்து சேரும் நாளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக் கொள்வதில்லை; புதிதாகப் பிறந்து வளரும் இளம் தலைமுறையே முன்னதாக வந்து, மாறிய பருவத்திற்கு ஏற்ப இனத்தை நகர்த்துகிறது. அப்படியானால், மாற்றத்தைச் சமாளிக்கும் திறனை இறைவன் குஞ்சுகளிடம் வைத்திருக்கிறான். ஃப்ரீஸ்லாந்தில் நாம் அறுத்துத் தள்ளுவது புல்லை மட்டுமன்று, அந்தத் திறனையும்தான். வெப்பம் ஒரு நெருக்கடி. ஆயினும் குஞ்சின் விதியை முடிவு செய்வது அறுவடை நாள். அந்த நாள் மனிதன் கையில் உள்ளது.

இதற்காக உழவரைக் கொடியவர் என்று தூற்றுதல் நியாயமன்று. முற்றிய புல்லில் சத்துக் குறையும், பால் குறையும், கடன் தவணை மட்டும் குறையாது. அவர்கள் கறக்கும் பால், பாலாடைக்கட்டியாகவும் பால்மாவாகவும் உலகெங்கும் போகிறது. மலிவாக வேண்டும் என்று கேட்கும் நாமும் அந்த அவசரத்தில் ஒரு பங்காளிதான். இத்தனைக்கும் நடுவே, ஜூன் நடுப்பகுதி வரை அறுக்காமல் காத்திருக்கும் உழவர்கள் அங்கே உள்ளனர். அவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. வயலின் ஒரு பகுதியில் வசந்த காலத்தில் நீரைத் தேக்கி வைப்போரும் உள்ளனர். தொண்டர்கள் கூட்டைத் தேடிக் கண்டு அருகே குச்சி நட்டு வைக்க, உழவர் அவ்விடத்தைச் சுற்றி விலகி அறுக்கிறார். புல்வெளிப் பறவைகளின் முட்டைகளை வசந்த காலத்தில் தேடி எடுப்பது அம்மாகாணத்தின் பழைய வழக்கம். அந்தக் கூரிய கண்களே இன்று கூடுகளைக் காக்கப் பயன்படுகின்றன.

அருமை வாசகர்களே! அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக் கொண்டதும், தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளை அதனிடமே திருப்பித் தரும்படி ஆணையிட்டதும் நாம் அறிந்த வரலாறு. ஒரு முஸ்லிம் பயிரிட்டதிலிருந்து பறவை உண்பதும் அவருக்கு ஸதகாவாகும் என்று அவர்கள் அறிவித்ததையும் அறிவோம். உழவையும் பறவையையும் பகையாக அல்ல, ஒரே நன்மையின் இரு பக்கங்களாகப் பார்க்கும் பார்வை நமக்குப் புதிதன்று.

நாகூருக்கு வருவோர் தெற்கே சற்றுப் பயணம் செய்தால் கோடியக்கரை வரும். குளிர்காலத்தில் அங்கும் கருவால் மூக்கன்கள் வருகின்றன. அவை ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தவை அல்ல; ஆசியாவின் வடபுல ஈரநிலங்களில் பிறந்தவை. எவரோ எங்கோ விட்டுவைத்த நிலத்தில் சிறகு முளைத்த விருந்தினர்கள் அவர்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். இவை பொரித்த இடத்தில் புல்லுக்கு நான்கு வாரம் கிடைத்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். நம் வயலிலும் வரப்பிலும் ஒரு கூடு தென்பட்டால், அதைச் சுற்றி ஒரு முழம் விட்டு அறுக்கப் பழக்குங்கள்.

பூமியை அமானத்தாகப் பெற்ற நமக்கு, பலவீனமான உயிர்களுக்குத் தவணை கொடுக்கும் பொறுமையை வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.