அது சொறி இல்லீங்க... அலர்ஜி!

உங்க வீட்டு நாய் நாள் முழுக்கக் காலை நக்கிக்கிட்டே இருக்கா? காதைப் 'பரக் பரக்'னு சொறியுதா? சோபா ஓரத்துல மூஞ்சியைத் தேய்க்குதா? 'பாவம், பொழுது போகலை போல'ன்னு நகர்ந்துடாதீங்க பாஸ். எங்க வீட்டு டைகரை நடுத்தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்த மேட்டரே இதுதான்!

டைகர், ரெண்டு வயசு லேப்ரடார். பேருதான் டைகர், பல்லியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில பதுங்கிடுவான். ஒன்றரை வயசு வரைக்கும் பளபளன்னு இருந்தவனுக்குத் திடீர்னு அரிப்பு. நக்கி நக்கியே பாதமெல்லாம் காபி கலராயிடுச்சு. அக்குளும் அடிவயிறும் சிவந்து, முடி கொட்டி, காதுல ஒரு வாடை வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் சொறியற சத்தத்துல நான் எழுந்து லைட்டைப் போட, 'பையன் செமஸ்டருக்குப் படிக்கிறான்'னு அப்பா பெருமைப்பட்டதுதான் மிச்சம்!

அப்புறம் ஆரம்பிச்சது அட்வைஸ் மழை. "பழைய இன்ஜின் ஆயிலைத் தடவு தம்பி"ன்னார் ஒருத்தர். மெக்கானிக்கல் படிக்கிறவன்கிட்டயேவா! அதுல உலோகத் துகளும் ரசாயனமும் கலந்திருக்கும். தடவினா நாய் நக்கும், நேரா வயித்துக்குள்ள போகும். சுத்தமான விஷம் மக்களே!

அபார்ட்மென்ட் மீட்டிங்ல இன்னும் மோசம். "சொறி நாய். குழந்தைங்களுக்கு ஒட்டிக்கும். எங்கேயாவது தூரமா கொண்டுபோய் விட்டுடுங்க"ன்னே சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடவே இல்லை.

கால்நடை டாக்டர் தோலை லேசா சுரண்டி, மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்தார். சொறியை உண்டாக்கற பூச்சி இல்லை. அது சில சமயம் மைக்ரோஸ்கோப்புக்கே டிமிக்கி கொடுக்குமாம். அதனால அதுக்கும், தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். அரிப்பு குறையலை. அடுத்து 8 வாரத்துக்கு ஸ்பெஷல் சாப்பாடு... அவன் அதுவரை ருசியே பார்க்காத ஒரு இறைச்சி, ஒரு கிழங்கு, அவ்வளவுதான். தாத்தாவோட ரஸ்க்குக்குக்கூடத் தடா! அதுலயும் மாற்றம் இல்லை. ஆக, மிச்சம் இருந்தது ஒண்ணுதான். 'அடோபிக் டெர்மடைடிஸ்'... சுற்றுச்சூழலால வர்ற தோல் அலர்ஜி.

ரிப்பேரான மெஷின்ல ஒவ்வொரு பார்ட்டா செக் பண்ணிக் கழிச்சுக்கிட்டே வருவோமே, இதுவும் அப்படித்தான். இது இருக்கு, இல்லைன்னு ஒரே டெஸ்ட்ல சொல்லிட முடியாது.

அப்படி என்னதான் நடக்குது உள்ளே? சாம்பிராணிப் புகைக்கே 'தீ... தீ...'ன்னு அலறுற ஃபயர் அலாரத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. டஸ்ட் மைட், மகரந்தம், பூஞ்சை இதெல்லாம் சாதாரண சமாச்சாரம்தான். ஆனா, இந்த நாய்களோட உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போயிடுது. நமக்கு அலர்ஜின்னா பெரும்பாலும் தும்மல். இதுங்களுக்குப் பெரும்பாலும் அரிப்பு. பொதுவா 6 மாசத்துல இருந்து 3 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். லேப்ரடார், பக், பாக்ஸர் மாதிரி ஜாதிகள்ல அதிகம்.

முக்கியமான விஷயம்... இது மனுஷனுக்கோ, பக்கத்து வீட்டு நாய்க்கோ ஒட்டாது! டாக்டர் அதையே லெட்டர்பேடுல எழுதிக் கொடுத்தார். அம்மா அதை ஜெராக்ஸ் எடுத்து, அபார்ட்மென்ட்ல வீடு வீடாக் கொடுத்துட்டு வந்தாங்க. டைகர் தப்பிச்சான்.

"முழுசா குணமாக்க முடியாது. சர்க்கரை வியாதி மாதிரி கன்ட்ரோல்ல வெச்சுக்கலாம்"னு டாக்டர் தெளிவா சொல்லிட்டார். ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கும். ஆனா தாகம், பசி, அடிக்கடி யூரின்னு படுத்தும். வருஷக்கணக்கில் கொடுக்கறது நல்லதில்லை. அரிப்பு சிக்னலையே தடுக்கற 'ஓக்லாசிடினிப்' மாத்திரைக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைச்சது. உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கற அலர்ஜி ஊசியும் இருக்கு. பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். எது சரின்னு டாக்டர்தான் சொல்லணும். மெடிக்கல் ஷாப் வைத்தியம் வேண்டாமே!

வீட்டுல நம்ம டியூட்டி சிம்பிள். வாக்கிங் போயிட்டு வந்ததும் ஈரத்துணியால பாதத்தையும் வயித்தையும் துடைச்சு விடணும். டாக்டர் சொன்ன ஷாம்பூவை 10 நிமிஷம் ஊறவிட்டு அலசணும். நம்ம சோப்பு கூடவே கூடாது. நம்ம தோலோட பி.ஹெச். சுமார் 5.5, நாய்க்கு ஏறக்குறைய 7. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணியில் துவைக்கணும். பச்சைத் தண்ணியில டஸ்ட் மைட் சாகாது.

சென்னைவாசிகளுக்கு ஒரு தகவல்: 1903-ல் தொடங்கின சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி வேப்பேரியில இருக்கு.

ஹாஸ்டல் வாசல்ல முடி கொட்டிப் படுத்திருக்கற நாய்க்கு நிஜமாவே சொறியா இருந்தாலும், அதுக்கும் மருந்து இருக்கு. அரிக்குதுன்னு சொல்ல அதுக்கு வாய் கிடையாது, சொறிஞ்சு காட்டத்தான் தெரியும். கல்லை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கால்நடை டாக்டருக்கு போன் போடுங்க ஃப்ரெண்ட்ஸ்!